கல்லறை திறந்தது முதலில், பட்டாம்பூச்சி வந்தது அப்புறம்

கேட்டிருப்பது மூன்று கேள்விகள். "பட்டாம்பூச்சிக் காதலர்கள்" என்ற வயலின் இசைக்குப் பின்னால் இருக்கும் சீனக் கதை என்ன? அதைச் சீனாவின் ரோமியோ ஜூலியட் என்கிறார்களே, சரிதானா? அது உண்மையில் நடந்ததா?

நடுக்கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சரியில்லை. அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்ட விதமே ஒரு சுவாரசியமான சங்கதி, அதைப் பின்னால் சொல்கிறேன். ரோமியோ ஜூலியட்டில் இரண்டு குடும்பங்களுக்குப் பகை, பார்த்த மாத்திரத்தில் காதல், எல்லாம் நான்கைந்து நாளில் முடிந்துவிடுகிறது. சீனக் கதையில் பகை கிடையாது. மூன்று வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அதில் ஒருவருக்குத்தான் காதல் தெரியும். மற்றவருக்கு எதிரே இருப்பது பெண் என்பதே தெரியாது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். இன்று சீனர்கள் பெரும்பாலும் சொல்லும் வடிவம் இது.

காலம் கிழக்கு ஜின் அரசமரபு, கி.பி. 317 முதல் 420 வரை. இடம் இன்றைய செஜியாங் மாகாணம். ஷாங்யூ என்ற ஊரில் ஜூ குடும்பம், வசதியானவர்கள். அந்த வீட்டுப் பெண் யிங்தாய். (சீனத்தில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும், ஆகவே அவள் ஜூ யிங்தாய்.) அவளுக்குப் படிப்பில் ஆசை. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப அப்பா ஒப்பவில்லை. ஒரு நாள் குறி சொல்லும் ஆள் ஒருவன் வீட்டுக்கு வந்து, பெண்ணை வெளியூருக்கு அனுப்பினால்தான் நல்லது என்கிறான். அப்பா தலையாட்டிவிடுகிறார். குறி சொன்னவன் வேறு யாருமில்லை, வேடம் போட்ட மகளேதான். பெற்ற அப்பனுக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் ஊராருக்கு எங்கே தெரியப்போகிறது?

ஆண் உடையில் ஹாங்சோவுக்குக் கிளம்புகிறாள். வழியில் குவாய்ஜியைச் சேர்ந்த லியாங் ஷான்போவைச் சந்திக்கிறாள். வசதி குறைந்த வீட்டுப் பையன், நல்லவன், புத்தகப் புழு. பேசிப் பிடித்துப்போய் இருவரும் அண்ணன் தம்பியாக உறுதி எடுத்துக்கொள்கிறார்கள். அவன் அண்ணன், அவள் தம்பி. மூன்று வருடப் படிப்பு. சீன மொழியில் வகுப்புத் தோழனுக்கு "ஒரே சன்னல்" என்று பெயர். ஒரே சன்னல் வெளிச்சத்தில் படித்தவர்கள் என்று பொருள். இரவில் ஒரே கட்டில். நடுவில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துவிடுவாள்: யார் புரண்டு அதைக் கொட்டுகிறார்களோ அவர்களுக்குத் தண்டனை. அவனும் மூன்று வருடம் கட்டை மாதிரி அசையாமல் படுத்திருந்தான் என்று நாட்டுப்புறத்தில் சொல்வார்கள். எல்லா வடிவங்களிலும் இந்தக் கிண்ணம் இருக்காது. இருக்கும் வடிவங்களில் மக்கள் வாய்விட்டுச் சிரிக்கும் இடம் இதுதான்.

அப்புறம் வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது. அவள் கிளம்ப, அவன் வழியனுப்ப வருகிறான். இந்த இடத்துக்குப் "பதினெட்டு லி வழியனுப்பு" என்று பெயர். ஒரு லி சுமார் அரை கிலோமீட்டர், ஆக ஒன்பது கிலோமீட்டர் நடை. கதையின் உயிர் இந்த நடையில்தான் இருக்கிறது. சாவு, கல்லறை எல்லாம் இதற்கு அடுத்தபடிதான் என்பது என் எண்ணம்.

வழி நெடுகக் கண்ணில் படுவதையெல்லாம் வைத்து அவள் ஜாடை காட்டிக்கொண்டே போகிறாள். குளத்தில் ஜோடி வாத்துகள். சீனர்களுக்கு அவை தம்பதியின் சின்னம். "நான் பெண்ணாக இருந்தால் என்னோடு ஜோடி சேர்வாயா, அண்ணா?" "சேர்வேன், ஆனால் பாவம், நீ பெண்ணில்லையே." ஆற்றில் பெட்டை வாத்து ஒன்று ஆண் வாத்தின் பின்னாலேயே நீந்துகிறது, "அண்ணா அண்ணா" என்று கூப்பிடுகிறது என்கிறாள். அவனுக்குப் புரியவில்லை. "நீ ஒரு மண்டு வாத்து" என்று திட்டுகிறாள். கிணற்றில் எட்டிப் பார்க்கிறார்கள். "பார், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சிரிக்கிறார்கள்." அவனுக்குக் கோபம் வருகிறது: "நான் நன்றாக ஆம்பளையாக நிற்கிறேன், என்னைப் போய்ப் பெண் என்கிறாயே!" ஒரு மாடு எதிர்ப்படுகிறது. மாட்டுக்கு முன்னால் வீணை வாசித்த கதை என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். செவிடன் காதில் சங்கு ஊதியதாக நாம் சொல்வோமே, அதற்கு அவர்கள் ஊர்ப் பழமொழி இது. குவான்யின் அம்மன் கோயில் வருகிறது. "அம்மன் சாட்சியாக இங்கேயே கும்பிட்டு மணம் முடித்துக்கொள்ளலாமா?" "தம்பி, வரவர உன் பேச்சு எல்லை மீறுகிறது. இரண்டு ஆம்பளைகள் எப்படி மணவறையில் கும்பிடுவது?"

கடைசியில் அவளுக்கு வேறு வழியில்லை. "எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், ஒன்பதாவது தங்கை, அச்சு அசல் என்னைப் போலவே இருப்பாள். சீக்கிரம் வந்து பெண் கேள்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். நாள் கணக்கைப் புதிராகச் சொன்னாள், அவன் தப்பாகக் கூட்டிவிட்டான் என்று சில வட்டாரங்களில் சொல்கிறார்கள். எப்படியோ, அவன் தாமதமாகத்தான் வருகிறான். வந்து பார்த்தால் தங்கை இல்லை, தம்பியே பெண். அதற்குள் அப்பா மா குடும்பத்துப் பையன் மா வென்ட்சாய்க்கு நிச்சயம் செய்துவிட்டார். மாடியில் இருவரும் பேசி அழுகிறார்கள். ஊர் திரும்பிய அவன் நோயில் விழுந்து செத்துப்போகிறான். கல்யாண நாளில் அவளுடைய பல்லக்கு அவன் கல்லறை வழியாகப் போகும்போது புயல் எழுகிறது. இறங்கி அழுகிறாள். கல்லறை பிளக்கிறது. உள்ளே குதிக்கிறாள். மூடிக்கொள்கிறது. பிறகு இரண்டு பட்டாம்பூச்சிகள் அங்கிருந்து பறந்து போகின்றன.

இவ்வளவுதான் கதை. அவன் குடும்பப் பெயர் லியாங்கையும் அவள் குடும்பப் பெயர் ஜூவையும் சேர்த்து "லியாங் ஜூ" என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நெசவுக்காரியும் மாட்டுக்காரனும், மெங் ஜியாங்நு, வெள்ளைப் பாம்பு, லியாங் ஜூ ஆகிய நான்கையும் சீனாவின் நான்கு பெரும் நாட்டுப்புறக் கதைகள் என்பது வழக்கம்.

உண்மையில் நடந்ததா என்ற கேள்விக்கு வருவோம். பழைய ஏடுகளைப் புரட்டினால் இந்தக் கதை வெங்காயத்தை உரிப்பது போல உரிந்துகொண்டே போகும். ஜின் மரபின் அரச வரலாற்றில் இவர்கள் பேச்சே இல்லை. சுமார் கி.பி. 700-ஐ ஒட்டிய ஒரு நிலவியல் நூலில் இருவரும் ஒன்றாகப் புதைந்த கல்லறை என்ற குறிப்பு மட்டும் இருந்திருக்கிறது. அந்த நூல் இன்று இல்லை, பின்னால் வந்தவர்கள் எடுத்தாண்டதில்தான் தெரிகிறது. ஒன்பதாம் நூற்றாண்டுக்காரர் ஜாங் தூ எழுதியதாக வரும் குறிப்பில்தான் கதை முழு உருவம் எடுக்கிறது. அதன் சாரம்: ஷாங்யூவின் ஜூ வீட்டுப் பெண் ஆண்வேடத்தில் படிக்கப் போனாள். ஷான்போ இரண்டு வருடம் கழித்து அவளைத் தேடி வந்தபோதுதான் பெண் என்று தெரிந்து, எதையோ தொலைத்தவன் போல நின்றான். அவள் ஏற்கெனவே மா வீட்டுக்கு நிச்சயமானவள். அவன் அதிகாரியாகிப் பதவியில் இருக்கும்போதே நோயில் செத்தான். அவள் கல்யாணப் படகு அவன் கல்லறைப் பக்கம் வந்தபோது காற்றும் அலையும் விடவில்லை. இறங்கி அழுதாள், நிலம் பிளந்தது. பிரதம அமைச்சர் ஷியே ஆன் அரசனுக்கு எழுதி அந்த இடத்துக்கு "நெறி காத்த மனைவியின் கல்லறை" என்ற பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

இதில் இல்லாததைக் கவனியுங்கள். பதினெட்டு லி நடை இல்லை, பணக்காரி ஏழை வித்தியாசம் இல்லை, கொடுமைக்கார அப்பா இல்லை. முக்கியமாக, பட்டாம்பூச்சி இல்லை. முடிவில் இருப்பது அரசு முத்திரை போட்ட பட்டம். அதிலும் ஒரு விசித்திரம்: அவள் சட்டப்படி மா வீட்டு மருமகள், பாதி வழி போய்விட்ட மணப்பெண். "மனைவி" என்ற பட்டமோ யாருக்கு அவள் மனைவியாகவே ஆகவில்லையோ அவன் கல்லறையில் கிடைக்கிறது.

நிங்போவில் லியாங் ஷான்போவுக்குக் கோயிலே இருக்கிறது. அங்கே 1107-இல் லி மாவோசெங் என்ற அதிகாரி எழுதிய பதிவு லியாங்குக்குப் பிறந்த ஆண்டு 352, இறந்த ஆண்டு 373 என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறது. இருபத்தொரு வயதில் போய்விட்டான். இவ்வளவு துல்லியமாக ஆண்டு சொல்வதால் இது சரித்திரம்தான் என்று வாதிடுவோர் உண்டு. என்னைக் கேட்டால், எழுநூறு வருடம் கழித்துக் கோயிலுக்காக எழுதிய தலபுராணத்தை அந்த அளவுக்கு நம்பலாம், அவ்வளவுதான். ஆனால் அதில் ஓர் அருமையான விவரம் இருக்கிறது. அவள் குதித்தபோது கூட வந்தவர்கள் பதறி அவளுடைய பாவாடையைப் பிடித்து இழுத்தார்களாம். அது கிழிந்து காற்றில் மேகம் போலப் பறந்து தூரத்தில் போய் விழுந்ததாம். மா வீட்டார் அதிகாரிகளிடம் முறையிட்டுச் சவப்பெட்டியைத் திறக்கப் பார்க்க, பெரிய பாம்பு ஒன்று காவல் காத்து விரட்டிவிட்டதாம். அதற்கப்புறம் லியாங் கலகக்காரர்களை அடக்கக் கனவில் வந்து உதவிய தெய்வம். "புருஷன் பெண்டாட்டி சேர்ந்து கிழமாக வேண்டுமா, லியாங் ஷான்போ கோயிலுக்கு ஒரு நடை போய் வா" என்று இன்றும் நிங்போவில் ஒரு சொலவடை உண்டு. கல்யாணமே ஆகாமல் செத்தவனிடம் தாம்பத்திய வரம்!

அந்தக் கிழிந்த துணியில்தான் பட்டாம்பூச்சியின் கரு இருக்கிறது. அது லியாங் ஜூவுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. நான்காம் நூற்றாண்டில் கான் பாவோ தொகுத்த அதிசயக் கதைகளில் ஹான் பிங் என்பவன் வருகிறான். அவன் மனைவியை அரசன் பறித்துக்கொள்கிறான். அவள் தன் உடையை ரகசியமாக மக்க வைத்துவிட்டு உயரமான மேடையிலிருந்து குதிக்கிறாள். பிடிக்கப் போனவர்கள் கையில் துணி நைந்து வந்துவிடுகிறது. அடுத்தடுத்த கல்லறைகளில் முளைத்த இரண்டு மரங்களின் கிளையும் வேரும் பின்னிக்கொள்கின்றன. பிற்காலத்தில் இதைச் சொன்னவர்கள் கையில் அந்த நைந்த துணி பட்டாம்பூச்சியாகிவிட்டது. தாங் அரசமரபின் கடைசிக் காலத்தில் (ஒன்பதாம் நூற்றாண்டு) லுவோ யே என்ற கவிஞர் பட்டாம்பூச்சி பற்றிய பாட்டில், இது நெறி காத்த மனைவியின் உடை மாறிய உருவம் என்று ஊரார் சொல்கிறார்கள் என ஒரு வரி வைத்து, அடுத்த வரியில் தான் பட்டாம்பூச்சியானதாகப் பழைய தத்துவஞானி ஷுவாங்ஸி கண்ட புகழ்பெற்ற கனவை இணை சேர்க்கிறார். அந்தப் பாட்டு இருக்கும் தொகுப்பு கொரியாவில் பிழைத்திருந்தது. அங்கே அந்த வரிக்கு உரை எழுதியவர்கள் லியாங் ஜூ கதையைத்தான் சொல்கிறார்கள்.

ஆக, துணி முதலில் துணியாகவே பறந்தது. பிறகு பட்டாம்பூச்சி போலப் பறந்தது. பிறகு பட்டாம்பூச்சியாகவே ஆனது. மிங் காலத்தில் 1620-களில் ஃபெங் மெங்லோங் இந்தக் கதையை வேறொரு கதைக்கு முன்னுரையாகச் சொல்லும்போது, சிவப்பு ஷான்போ, கறுப்பு யிங்தாய் என்று மக்கள் இனம் பிரித்துச் சொல்வதாகவும் எழுதிவிட்டார். அவர் பதிவில் எனக்கு மிகவும் பிடித்தது கதையின் தொடக்கம். பெண் படிக்கக் கிளம்பும்போது அண்ணனும் அண்ணியும் தடுக்கிறார்கள்: இந்த வயதில் வெளியூர் போய் ஆண்களோடு கலந்து படித்தால் ஊர் சிரிக்காதா என்று. யிங்தாய் ஒரு மாதுளங்கிளையை ஒடித்துப் பூமேடையில் நட்டு, "நான் மானத்தோடு திரும்பினால் இது வேர் பிடித்து வருடா வருடம் பூக்கட்டும், இல்லையென்றால் பட்டுப்போகட்டும்" என்று சபதம் செய்கிறாள். காதல் கதைக்குள் அண்ணன் அண்ணியோடு உரசல்! குடும்பங்களுக்குள் புழங்கிப் புழங்கி வந்த கதை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இத்தனைக்கும் நடுவில் ஊர்ச் சண்டை வேறு. ஜியாங்சுவின் யிஷிங்கில் யிங்தாய் படித்த மேடை என்று ஓர் இடம், சுங் அரசமரபுக் காலத்திலேயே (பத்து முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை) பாடல் பெற்றது. ஷாண்டோங்கின் ஜினிங் பக்கம் 1516-ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்வெட்டு. ஹெனானின் ரூனானில் இருவருக்கும் தனித்தனிக் கல்லறை. 2006-இல் சீன அரசு தேசிய மரபுப் பட்டியலில் கதையைச் சேர்த்தபோது நிங்போ, ஹாங்சோ, ஷாங்யூ, யிஷிங், ஜினிங், ரூனான் என ஆறு ஊர்களின் பெயரையும் சேர்த்தே போட்டது. யாரையும் பகைத்துக்கொள்ளாத தீர்ப்பு.

மேடைக்கு வந்ததும் கதை வேறு தளத்துக்குப் போய்விட்டது. செஜியாங்கின் ஷெங் வட்டாரத்தில் பிறந்த யுவே இசைநாடகம் 1920, 30-களில் முழுக்க முழுக்கப் பெண்கள் கைக்கு வந்தது. நம் பழைய நாடகக் கம்பெனிகளில் ஆண்கள் ஸ்திரீபார்ட் போட்டதற்கு நேர் எதிர். இந்தக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான மேடை கிடைக்குமா? ஷான்போவாக நிற்பவளும் பெண். பக்கத்தில் ஆண்வேடத்தில் நிற்கும் யிங்தாயும் பெண். இருப்பது அத்தனையும் பெண்கள் என்று தெரிந்த கூட்டத்துக்கு முன்னால், எதிரே இருப்பது பெண் என்று தெரியாத ஒரே ஆள் ஷான்போ. பதினெட்டு லி காட்சி மேடையில் அவ்வளவு தூக்குவதற்கு இந்த நெளிவும் ஒரு காரணம்.

1950-இல் மக்கள் சீனக் குடியரசு புதிய திருமணச் சட்டம் கொண்டுவந்து, பெற்றோர் கட்டாயப்படுத்திச் செய்யும் கல்யாணத்தைத் தடை செய்தது. அந்தச் சட்டத்துக்கு இந்தக் கதையை விடச் சிறந்த பிரசாரம் ஏது? கொடுமைக்கார அப்பாவின் பங்கு தடித்தது, மா வென்ட்சாய் வில்லன் களைக்கு வந்தான், ஆவி, மறுபிறவி சமாச்சாரங்கள் ஒதுங்கின. பட்டாம்பூச்சி மட்டும் தப்பித்தது. யுவான் ஷுவேஃபென், ஃபான் ருயிஜுவான் இருவரும் நடித்த யுவே நாடகத்தை ஷாங்காயில் படம் பிடித்தார்கள். மக்கள் சீனாவின் முதல் வண்ணத் திரைப்படம் அதுதான்.

இங்கேதான் ரோமியோ ஜூலியட் வருகிறார்கள். 1954-இல் ஜெனீவா மாநாடு. சீனப் பிரதமர் சூ என்லாய் இந்தப் படத்தை வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களுக்குப் போட்டுக்காட்ட நினைக்கிறார். கூட இருந்தவர்கள் கதையையும் பாட்டையும் விளக்கிப் பதினைந்து பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். அதை யார் படிப்பார்கள், அழைப்பிதழில் "சீனாவின் ரோமியோ ஜூலியட், வண்ண இசைநாடகப் படம்" என்று ஒரு வரி போடுங்கள் போதும் என்றாராம் அவர். போட்டார்கள், அரங்கம் நிறைந்தது. அப்போது சுவிட்சர்லாந்தில் குடியேறியிருந்த சார்லி சாப்ளினும் படத்தைப் பார்த்தார். ராஜதந்திரி ஒருவர் விளம்பரத்துக்காகப் போட்ட வரி எழுபது வருடமாக அந்தக் கதையின் நெற்றியில் ஒட்டியிருக்கிறது. அந்த நேரத்துக்கு அது புத்திசாலித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு கதைக்குள் நுழைந்தால், படிக்க ஆசைப்பட்ட பெண் காணாமல் போய்விடுகிறாள்.

இனி உங்கள் வயலின். 1950-களின் இறுதியில் ஷாங்காய் இசைக் கல்லூரியில் ஹே ஜான்ஹாவ் ஒரு மாணவர். அதற்கு முன் யுவே நாடகக் குழுவின் வாத்தியக் கோஷ்டியில் இருந்தவர். கிராமத்துக்குப் போய் பாஹ் வாசித்தோம், கேட்டவர்கள் நன்றாயிருக்கிறது ஆனால் புரியவில்லை என்றார்கள், யுவே பாட்டு வாசிக்கத் தெரியுமா என்றார்கள் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மேற்கத்திய வயலினில் உள்ளூர்ச் சங்கீதம் என்று அவரும் நண்பர்களும் ஒரு சோதனைக் குழு ஆரம்பித்தார்கள். 1959, நாட்டின் பத்தாம் ஆண்டு விழா. அதற்கு என்ன எழுதலாம் என்று கொடுத்த பட்டியலில் எஃகு உற்பத்தி இயக்கம், பெண்கள் படை, கடைசியாக லியாங் ஜூ. கல்லூரியின் கட்சிப் பொறுப்பாளர் மெங் போ மூன்றாவதை டிக் அடித்தார். அவர் மட்டும் எஃகைத் தேர்ந்தெடுத்திருந்தால் இன்று நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஹேயும் சக மாணவர் சென் காங்கும் சேர்ந்து எழுதினார்கள். 1959 மே 27-இல் ஷாங்காயின் லைசியம் அரங்கில் 18 வயது யூ லினா முதன்முதலாக வாசித்தார். கூட்டம் விடாமல் கைதட்டியதில் முழுவதையும் இரண்டாம் முறை வாசிக்க வேண்டியதாயிற்று.

அடுத்த முறை கேட்கும்போது இதையெல்லாம் கவனியுங்கள். முதலில் புல்லாங்குழல், வசந்தகாலப் பறவை போல. பிறகு ஹார்ப் பின்னணியில் வயலின் அந்தப் பிரபலமான மெட்டைத் தொடங்கும்: அது யிங்தாய். சற்று நேரத்தில் செல்லோ பதில் சொல்லும்: அது ஷான்போ. நடுவில் ஓரிடத்தில் இரண்டும் மட்டும் தாழ்ந்த குரலில் மாறி மாறிப் பேசிக்கொள்ளும், அதுதான் மாடிச் சந்திப்பு. கல்லறைக் காட்சியில் வயலின் விம்மும். விரலைத் தந்தியில் வழுக்கி ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குப் போகும் அந்த முறை சீன எர்ஹு வாத்தியத்திலிருந்தும் யுவே பாடகிகளின் அழுகையிலிருந்தும் வந்தது. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இடம் அந்நியமாகப் படாது. பின்னால் வாத்தியங்கள் வேகமாக அடித்துக்கொண்டு போக, முன்னால் ஒற்றைக் குரல் நிதானமாக இழுத்து அழும் உத்தியும் நாடக மேடைச் சொத்துதான். பெரிய தட்டுமணி ஓங்கி அறையும் கணத்தில் அவள் குதிக்கிறாள். பிறகு புல்லாங்குழலும் ஹார்ப்பும் மேலே எழ, ஆரம்பத்து மெட்டு அடங்கிய குரலில் திரும்பி வரும். மொத்தம் 26 நிமிடம் சுமார். கலாசாரப் புரட்சியின்போது இதை விஷக்களை என்று ஒதுக்கிவைத்தார்கள், 1976-க்குப் பிறகு மீண்டது.

தைவானில் அந்தக் காய்ச்சல் 1963-இல் வந்தது. ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் எடுத்த படம் தைப்பேயில் 62 நாள் ஓடியது. ஷான்போவாக நடித்தவர் லிங் போ என்ற நடிகை. அவர் தைப்பேய்க்கு வந்தபோது தெருவெல்லாம் ஜனம். "லியாங் அண்ணா" என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. உருகியவர்களில் நடுவயதுப் பெண்கள் ஏராளம். பெண் நடிக்கும் ஆண்மீது பெண்கள் கொண்ட அந்த மோகத்தை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளே வந்திருக்கின்றன. ஷான்போ நேசித்தது "தம்பி"யையா "தங்கை"யையா என்று இன்றைய இளைஞர்கள் கேட்பதும் புதிய வம்பு அல்ல. கோயில் காட்சியில் கதையே அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட்டது.

கப்பல் ஏறியும் போயிருக்கிறது. தென்சீனாவின் ஹொக்கியன் பேச்சில் சாம் பெக் எங் தாய் என்ற பெயரோடு ஜாவா, மலாய் வாசகர்களிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புழங்கியது. பாலித் தீவில் அதைப் பாட்டாகப் பாடுகிறார்கள், அர்ஜா நாடகமாக ஆடுகிறார்கள். 1988-இல் ஜகார்த்தாவின் தியேட்டர் கோமா குழு கதையை டச்சுக்காலப் பான்டென், பட்டாவியா பக்கம் நடப்பதாக மாற்றி மேடையேற்றியது. கொரியாவில் சோகமுடிவே பிடிக்கவில்லை போலும். அங்கே இருவரும் உயிர்த்தெழுந்து கல்யாணம் செய்துகொள்ள, மாப்பிள்ளை போருக்குப் போய் ஜெயித்தும் வருகிறான்.

அந்தப் பட்டாம்பூச்சி எது என்று கேட்டால் சீனாவில் பலரும் கைகாட்டுவது கறுப்புச் சிறகுக்காரன் ஒருவனை: ஆணுக்குப் பின்சிறகில் வெள்ளைப் பட்டை, பெண்ணுக்குச் சிவப்புப் புள்ளிகள். பப்பிலியோ பாலிடெஸ் என்பது அறிவியல் பெயர். இதைப் பார்க்கச் சீனா போக வேண்டியதில்லை. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் இனம், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீட்டுத் தோட்டங்களில் சாதாரணம். உங்கள் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டு இலையைத் தின்னும் புழு இதனுடையதாக இருக்கலாம். நசுக்குமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

ஹாங்சோ போனால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, மேற்கு ஏரிக்கரையில் உள்ள நெடும்பாலம். பெயர்தான் நெடும்பாலம், பத்தடி வைத்தால் அக்கரை. நெடும்பாலம் நெடிதில்லை என்று ஊரில் சொலவடையே உண்டு. இருவரும் பிரிய மனமில்லாமல் அவள் அவனைக் கொண்டுவிட, அவன் அவளைக் கொண்டுவிட, பதினெட்டு முறை இப்படியும் அப்படியும் நடந்தார்களாம், அதனால்தான் அது நெடும்பாலமாம்.

இரண்டாவது, வான்சொங் கல்விக்கூடம். இருவரும் படித்த பள்ளி என்று காட்டுவார்கள். கல்விக்கூடமாக அது தொடங்கியது 1498-இல், கதைக் காலத்துக்கு ஆயிரம் வருடம் கழித்து, அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. சனிக்கிழமை போவது நல்லது. வரன் தேடும் கூட்டம் நடக்கும். வருவது பிள்ளைகள் இல்லை, அம்மா அப்பாக்கள். பிறந்த வருடம், உயரம், படிப்பு, வேலை, சொந்த வீடு உண்டா என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் தாளை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் படித்துக்கொண்டு, லியாங் ஜூ படித்த முற்றத்தில் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மா வென்ட்சாய்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.